கால் மிஷினுக்கு எஃப்எம்மா, ஆடியோ கதையா, கானாவா?

எங்க வீடு பழைய வண்ணாரப்பேட்டைல, எம்.சி. ரோட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி. பதினாறு வருஷமா பிளவுஸ் தைக்கிறேன், மிச்சம் விழற பிட்டு துணியெல்லாம் சேத்து வெச்சு மழைக்காலத்துல ஒட்டுப்போர்வையும் போடறேன். இத்தன வருஷத்துல காதுக்கு என்னென்னமோ குடுத்துப் பாத்தாச்சு, ரேடியோ, செல்போன்ல கதை, பாட்டு, சீரியல், எதுவுமே இல்லாம சும்மா. தைக்கும்போது கேக்க இதுல எது நல்லதுக்கான்னு கேக்கறவங்கள நான் திருப்பிக் கேக்கறது ஒண்ணுதான், இப்ப உன் கைல இன்னா வேல இருக்கு?

சீரியல மொதல்லயே தூக்கி ஓரமா வெச்சுடலாம். கேக்கத்தான் போட்டு வெச்சிருக்கேன், பாக்கல்லன்னு எல்லாரும் சொல்லுவாங்க, நானும் சொல்லியிருக்கேன். மியூசிக் டொய்ங்குனு ஏறுச்சுன்னா கண்ணு தானா டிவி பக்கம் போவும், ஊசி இந்தப் பக்கம் இறங்கிட்டு இருக்கும். கொக்கி கட்ட, ஹெம்மிங் பண்ண ஓகே. மிஷின்ல உக்காந்தா வேணவே வேணாம்.

எஃப்எம் எனக்கு அம்மா காலத்துப் பழக்கம். இந்தியாலயே மொதல் எஃப்எம் ஒலிபரப்பு நம்ம மெட்ராஸ்லதான் 1977ல ஆரம்பிச்சுது, ஆனா எங்க வீட்டு மிஷின் டேபிளுக்கு அது வந்து சேந்தது சூரியன் 93.5, மிர்ச்சி 98.3 எல்லாம் வந்தப்பறம்தான். அம்மா கடிகாரமே பாக்க மாட்டாங்க, ரெண்டு பாட்டு ஒரு விளம்பரத்துக்குள்ள புடவை ஃபால் ஒரு பக்கம் முடியணும்னு கணக்கு. எஃப்எம்ல எனக்குப் புடிச்சதே நாம அத தொட வேணாம்ங்கறதுதான். எண்ணெ கை, சாக்பீஸ் கை, அதோட செல்ல எடுத்து தடவ வேணாம், நடுவுல கஸ்டமர் வந்து கழுத்து எறக்கமா வேணும்னு பத்து நிமிஷம் பேசினாலும் எதுவும் நழுவிப் போறதில்ல. பேஜாரு என்னன்னா அதே நகைக்கடை விளம்பரம், அதே பாட்டு காலைல ஒரு வாட்டி சாயங்காலம் ஒரு வாட்டி, தீவாளி டைம்ல பாட்டா விளம்பரமான்னே தெரியாது.

கதைன்னா அது வேற ருசி. யூட்யூப்ல சரித்திர நாவலெல்லாம் பாகம் பாகமா படிச்சுப் போடறாங்க, ஒரு கதையே மாசக்கணக்குல ஓடும். ஒட்டுப்போர்வைக்கு இதவிட ஒண்ணு இல்லன்னு நான் அடிச்சு சொல்வேன், ஏன்னா அங்க வேல ஒரே மாதிரி, நாலு இஞ்சு கட்டம், ரெண்டு ரெண்டா சேத்து நூல் அறுக்காம சங்கிலி மாதிரி வரிசையா அடிச்சுட்டே போவேன், மூளைக்கு வேலையே இல்ல, அது பாட்டுக்கு சோழ நாட்டுல குதிரை ஓட்டிட்டு இருக்கும். ஆனா பிளவுஸுக்கு கதை ஆவாது. போன வருஷம் ஒரு கொலைக் கதை கேட்டுட்டே லைனிங் பிளவுஸ் வெட்டினேன், கொலகாரன் யாருன்னு தெரியற எடம், கடைசில பாத்தா ரெண்டு கையும் எடது கை. முன்பக்க வளைவு பின்பக்க வளைவு மாத்தி வெட்ட மறந்துட்டேன். அந்தக் கலர் துணிக்கு எம்.சி. ரோடு பூரா அலைஞ்சு, கெடைக்காம, பார்டர் வெச்சு ஒட்டு போட்டு சமாளிச்சேன். கொலகாரன் யாருன்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது.

பாட்டுலயே ரெண்டு கட்சி. கால் மிஷின்ல கானா போட்டா கால் கானா வேகத்துக்கு ஓடும், இது நான் சும்மா சொல்லல, போட்டுப் பாருங்க. நேர்த் தையல்ல ஒண்ணும் கெட்டுப்போவாது, தையலோட நீளம் டயல்ல வெச்ச அளவுதான், வேகமா மிதிச்சா மாறாது. கழுத்து வளைவு வந்தாதான் கால் நிக்காம துணி திரும்பறதுக்குள்ள ரெண்டு தையல் வெளிய போயிரும். எம்பதுகள் இளையராஜா போட்டா கால் ஒரே சீரா இருக்கும். எங்க கீழ் வீட்டு அண்ணன் ஜீன்ஸ் தைக்கிறவரு, கரண்ட் மோட்டார்ல ஓடற ஜூக்கி மிஷின், அது நிமிஷத்துக்கு 5000 தையல் போற ஜாதி, அவருக்கு இந்தப் பிரச்சனையே இல்ல. பழைய கிளட்ச் மோட்டார் இருந்தப்ப சும்மா நின்னாலே உர்ர்னு கத்தும், அதுக்கு மேல கேக்கணும்னா குத்துப் பாட்டு தவிர வேற வழியில்ல, தெருவுக்கே கேக்கும். சர்வோ மோட்டார் மாத்தினாரு, மிதிச்சாதான் சத்தம். இப்ப அவரும் கதை கேக்கறாரு, கேட்டா ஒத்துக்க மாட்டாரு.

இயர்ஃபோன் போட்டா ஒரு காதுல மட்டும் போடுங்க. ஒயர் இருக்கறது சக்கரத்துல சிக்கும், நெக்பேண்டுன்னா கழுத்துல தொங்கற அளவு டேப்போட சேந்து முடிச்சு விழும். இன்னொரு காது மிஷினுக்கு வேணும். அடிநூல் சுத்தி வெக்கிற பாபின்ல நூல் தீந்தா சத்தம் லேசாயிரும், ஊசி முனை மழுங்கினா டொக் டொக்குனு குத்தும், இத கண்ணு கண்டுபுடிக்கறதுக்குள்ள அரை மொழம் போயிருக்கும். அதனால போர்வைய மூணு அடுக்கா வெச்சு 16 நம்பர் தடி ஊசில அடிக்கும்போது நான் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிருவேன், அப்ப மிஷின் பேசறதுதான் கேக்கணும். வெட்டும்போதும் சைலன்ஸ், அந்த எடது கைக்கு அப்பறம்.

ஆடி மாசம் மட்டும் இந்த அலசல் எதுவும் செல்லாது. அம்மன் கோயில்ல கூழ் ஊத்தற ஞாயித்துக்கிழமை கொழா ஸ்பீக்கர் நேரா எங்க மாடிய பாத்து கட்டுவாங்க, எல்.ஆர். ஈஸ்வரி குரல்தான் அன்னிக்கு பூரா, வேற சாய்ஸே கெடையாது. அன்னிக்கு கட்டிங் வேலையெல்லாம் காலைல நாலரைக்கே, அவங்க மைக் டெஸ்டிங் சொல்றதுக்கு முன்னாடி முடிச்சுருவேன்.