யோகா ஆசிரியர் பயிற்சிக்குப் பணம்: உதவித்தொகையா, கடனா, சேவையா?

யோகா ஆசிரியர் பயிற்சிக்கு நிதியுதவி கிடைக்குமா என்று கேட்பவர்களிடம், குடும்ப வருமானத்தை விசாரிப்பதற்கு முன், எந்தச் சான்றிதழைப் பெறப் போகிறீர்கள் என்று கேட்பதே என் வழக்கம். அரசும் வங்கியும் யோகாவுக்காகப் பணம் தருவதில்லை. பல்கலைக்கழகப் பட்டத்துக்காகவோ அங்கீகாரம் பெற்ற திறன் தகுதிக்காகவோதான் தருகின்றன. ஒரே ஆசனங்களையும் ஒரே பிராணாயாமத்தையும் கற்பிக்கும் இரண்டு பயிற்சிகளில் ஒன்றுக்குக் கட்டணத்தின் பெரும்பகுதி உதவித்தொகையாகத் திரும்பிவரலாம். மற்றொன்றுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காமல் போகலாம். தமிழ்நாட்டிலிருந்து படிக்க நினைப்பவருக்கு முன்னுள்ள வழிகளை அந்தக் கண்கொண்டுதான் ஒப்பிட வேண்டியிருக்கிறது.

திருப்பிச் செலுத்த வேண்டாத பணம் அதிகமாகக் கிடைப்பது பல்கலைக்கழக வழியில். சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் இயங்கும் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் யோகாவில் முதுநிலைப் பட்டம் வழங்குகிறது. இத்தகைய முறையான படிப்பில் சேரும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள், பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். இளநிலைப் படிப்பையோ பட்டயப் படிப்பையோ தேர்ந்தெடுக்கும் பெண், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவராக இருந்தால், 2022-இல் தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டத்தின்கீழ் மாதம் 1,000 ரூபாய் பெறலாம். வேறு உதவித்தொகை பெறுவது இதற்குத் தடையாகாது. ஆண் மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இல் வந்தது. இவ்விரண்டு திட்டங்களும் முதுநிலைப் படிப்புக்குப் பொருந்தா என்பதைப் பலர் சேர்ந்த பிறகே அறிகிறார்கள்.

முதுநிலைப் பட்டத்துக்கு வேறொரு பலன் உண்டு. கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்கும் தகுதி காணும் பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட் தேர்வில் யோகாவும் ஒரு பாடம். அதில் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்று முனைவர் பட்ட ஆய்வில் சேர்பவருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கிறது. யோகாவைப் படிப்பதற்காகவே ஒருவர் சம்பளம்போல் பணம் பெறும் வழி, எனக்குத் தெரிந்து, இது ஒன்றுதான். முதுநிலைப் படிப்புக்கு ஈடாகக் கொடுக்க வேண்டியது காலம். இரண்டு ஆண்டுகள் வேலையை விட்டுவிட்டு வகுப்பில் உட்கார முடிந்தவருக்கே இது பொருந்தும். (அரும்பாக்கத்தில் உள்ள அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரியையும் சிலர் இந்தக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள், பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை ஆண்டுகள் நீளும் அந்தப் படிப்பு மருத்துவரை உருவாக்குவது, வகுப்பெடுக்கும் ஆசிரியரை அல்ல.)

இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பது இருநூறு மணி நேரப் பயிற்சி. ஒரு மாதத்தில் முடிந்துவிடும் என்பதால் வேலைக்குச் செல்பவர்களும் இல்லத்தரசிகளும் இதையே நாடுகிறார்கள். இவற்றுள் பல, அமெரிக்காவைச் சேர்ந்த யோகா அலையன்ஸ் என்ற அமைப்பில் பதிவு பெற்றவை. அந்தப் பதிவு வெளிநாட்டு ஸ்டூடியோக்களில் மதிக்கப்படுவது உண்மையே. ஆனால் அது ஒரு தனியார் அமைப்பின் பதிவேடு, இந்திய அரசின் அங்கீகாரம் அல்ல. எனவே அதை மட்டும் காட்டி அரசு உதவித்தொகை பெறவோ, வங்கியில் கல்விக்கடன் பெறவோ இயலாது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் நிலையங்கள் தாங்களே ‘ஸ்காலர்ஷிப்’ அறிவிக்கின்றன. நான் பயிற்சிக்கு விசாரித்த ஒரு நிலையம் எனக்கு நாற்பது விழுக்காடு உதவித்தொகை வழங்குவதாகக் கடிதம் அனுப்பியது. என்னோடு விசாரித்த மற்ற இருவருக்கும் அதே கடிதம் அதே விழுக்காட்டோடு வந்திருந்தது. விலைப்பட்டியலை உயர்த்தி வைத்துவிட்டுக் குறைத்துக் கொடுப்பதற்குத் தமிழில் தள்ளுபடி என்று பெயர். ஆடி மாதத்தில் துணிக்கடைகள் அதைக் கூச்சமின்றிச் சொல்கின்றன.

தள்ளுபடி போக மீதியைத் தவணையில் கட்டலாம் என்று அழைத்துச் சென்று, ஒரு செயலி வழியாகக் கடன் எடுக்க வைப்பதும் நடக்கிறது. அப்படி எடுப்பது கல்விக்கடன் அன்று, தனிநபர் கடன். பயிற்சி பிடிக்காமல் பாதியில் விலகினாலும், நிலையமே மூடப்பட்டாலும், கடன் நம் பெயரிலேயே நிற்கும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, மொத்தச் செலவையும் ஆண்டு வட்டி விகிதத்தையும் சொல்லும் முதன்மைத் தகவல் அறிக்கையைக் கடன் தருபவர் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். தொடக்கத்தில் ஒரு குறுகிய காலத்துக்குள் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டி, அபராதமின்றி வெளியேறவும் இடமுண்டு. கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த அறிக்கையைக் கேட்டு வாங்குவது நல்லது.

வங்கிக் கடன்தான் வேண்டும் என்பவருக்கு உரியது, திறன் பயிற்சிக்கென்று மத்திய அரசு வகுத்த திறன் கடன் திட்டம். 2015-இல் 1.5 லட்சம் ரூபாய் உச்சவரம்போடு தொடங்கிய இத்திட்டத்தின் வரம்பு 2024-இல் 7.5 லட்சமாக உயர்த்தப்பட்டது. சொத்துப் பிணை தேவையில்லை. ஆனால் பயிற்சி, அரசின் திறன் தகுதிக் கட்டமைப்புக்குள் வருவதாக இருக்க வேண்டும். உயர்ந்த வரம்பைக் கண்டு மகிழ்வதற்கு முன் திருப்பிக் கட்டும் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 1.5 லட்சத்தை 11 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுகளுக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 3,260 ரூபாய். தேசிய ஆயுஷ் இயக்கத்தின் ஆயுஷ் நலவாழ்வு மையங்களில் பகுதிநேர யோகா பயிற்றுநருக்கு வகுத்த ஊதியமோ, மாதம் 32 வகுப்புகளுக்கு ஆணுக்கு 8,000 ரூபாய், 20 வகுப்புகளுக்குப் பெண்ணுக்கு 5,000 ரூபாய். அதாவது வகுப்புக்கு 250 ரூபாய். அந்தப் பெண் பயிற்றுநர் 13 வகுப்புகளின் ஊதியத்தை வங்கிக்கே கொடுத்துவிட்டு, மீதி ஏழில் வாழ வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் நிறுவனங்களிலும் வகுப்பெடுத்து இதைவிட அதிகம் ஈட்டுபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் முதல் ஆண்டிலேயே அந்த இடத்துக்கு வந்துவிடுவதாக எண்ணிக் கடன் வாங்குவதை என்னால் பரிந்துரைக்க முடியவில்லை.

கடனே இல்லாத வழிகளும் உள்ளன. பிரதம மந்திரி திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் யோகா பயிற்றுநர் என்பதும் ஒரு பணித் தகுதி. அங்கே கட்டணத்தை அரசே ஏற்கிறது. நம் மாவட்டத்தில் அந்த வகுப்பு நடக்கிறதா என்பதுதான் கேள்வி. ஆயுஷ் அமைச்சகத்தின்கீழ் வரும் யோகா சான்றளிப்பு வாரியத்தின் தொடக்க நிலைத் தேர்வையோ, எந்த நிலையத்திலும் சேராமல், தன் ஆசிரியரிடம் கற்றதைக் கொண்டே எழுதலாம். தேர்வுக் கட்டணம் மட்டுமே செலவு என்பதால், ஏற்கெனவே பல ஆண்டுகள் பயின்றவருக்கு இதைவிடச் சிக்கனமான சான்று கிடையாது.

ஆசிரமங்களில் சேவை செய்துகொண்டே கற்பது மற்றொன்று. மைசூர் அரண்மனையின் பொருளுதவியில் ஜகன்மோகன் அரண்மனையில் யோகா ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் 1930-களில் யோகசாலை நடத்தியதை நினைத்தால், ஆசிரியரை உருவாக்கும் செலவை வேறொருவர் ஏற்பது புதிய ஏற்பாடன்று என்பது விளங்கும். இன்றைய ஆசிரமங்களில் அந்த விலை சமையலறையிலும் தோட்டத்திலும் உழைக்கும் நேரமாகக் கொடுக்கப்படுகிறது. இரண்டு பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வர முடியாத பெண்ணுக்கு அது இலவசமாகத் தெரியாது. சேர்வதற்கு முன், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வேலை, எத்தனை மணி நேரம் வகுப்பு என்பதை எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இருபத்திரண்டு வயதில் பட்டம் முடித்து, உதவித்தொகைக்குத் தகுதியும் பெற்றவருக்கு முதுநிலைப் படிப்பையே முதலில் சொல்வேன். நாற்பது வயதில் தன் தெருவிலுள்ள பெண்களுக்குக் கற்பிக்க விரும்புபவர் வாரியத் தேர்வை எழுதிவிட்டு, பத்துப் பேரை வைத்து ஆறு மாதம் நடத்திப் பார்க்கட்டும். இருநூறு மணி நேரப் பயிற்சி தேவையென்று அப்போதும் தோன்றினால், அந்த வகுப்பில் சேர்ந்த பணமே முதல் தவணைக்குப் போதுமா என்பது அவருக்கே தெரிந்திருக்கும். வெளிநாட்டில் கற்பிக்கும் திட்டமுள்ளவர் மட்டுமே யோகா அலையன்ஸ் பதிவுக்காகத் தனியாகச் செலவழிக்க நியாயம் இருக்கிறது.