பணம் கட்டுமுன் கேளுங்கள்: வகுப்பில் நான் எத்தனை நிமிடம் பேசுவேன்?

மூன்று மாத ஆன்லைன் ஸ்போக்கன் இங்கிலீஷ் கோர்ஸ் ஒன்றில் சேர்ந்து ஏமாந்தேன். போன பணத்தை எப்படியோ ஈடுகட்டிவிட்டேன். அந்த மூன்று மாதத்தில் நாக்கில் ஊறிப்போன தவறுகளைக் களைய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது, அதுதான் இன்னும் வலிக்கிறது. அதே மாதிரி விளம்பரங்கள் இப்போதும் என் போனில் வந்துகொண்டே இருப்பதால், நடந்ததை ஒளிக்காமல் எழுதிவைக்கிறேன்.

ஆங்கிலத்தில் படித்தால் எனக்குப் புரியும், மின்னஞ்சலும் எழுதுவேன். பேச வாய் திறந்தால் மட்டும் வாக்கியம் பாதியில் நின்றுவிடும். வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு தினமும் பேச வேண்டிய ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன், நேர்காணலுக்கு நாலு மாதம் இருந்தது. அந்த நேரத்தில் அந்த விளம்பரத்தைத் தொட்டேன். பத்தே நிமிடத்தில் கவுன்சிலர் என்று ஒருவர் அழைத்தார்.

"மேடம், நீச்சலைப் புத்தகத்துல படிச்சுக் கத்துக்க முடியுமா? தண்ணியில இறங்கணும்ல? இங்கிலீஷ் பேசுற நாட்டுல வாழ்ந்தாதான் இங்கிலீஷ் வரும். உங்களால அங்க போக முடியாது, அதனால அந்தச் சூழலை நாங்க உங்க வீட்டுக்கே கொண்டுவர்றோம்."

நான் விழுந்தது இந்த இடத்தில்தான். அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது, அதனால்தான் அது அவ்வளவு எளிதாக உள்ளே இறங்கியது. அந்த நாடுகளிலேயே பல வருடம் இருந்தும், வீட்டிலும் வேலையிலும் சொந்த மொழிக்காரர்களோடு மட்டுமே பழகி, ஆங்கிலம் பேசத் தயங்குகிறவர்கள் உண்டு. சூழல் என்பது காற்றில் இருக்கிற ஏதோ ஒன்று இல்லை. நிறையக் கேட்பது, நாமே வாய் திறந்து பேச வேண்டிய கட்டாயம், சொன்னது எதிராளிக்குப் புரியாதபோது அதே நொடியில் திருத்திச் சொல்வது, இவ்வளவுதான் அது. இந்த மூன்றும் கிடைக்குமா என்று நான் அவரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

லெவல் டெஸ்ட் என்று இருபது கேள்விகள் வந்தன. எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. பேசச் சொல்லி ஒரு கேள்விகூட இல்லை. முடித்ததும் "நீங்க பி1, தொண்ணூறு நாள்ல சி1 ஆக்கிடுவோம், தினமும் அரை மணி நேரம் போதும்" என்றார்கள். மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாக அளப்பார்கள். பி1 மூன்றாவது படி, சி1 ஐந்தாவது. அன்றைக்கு ஒரு பெருக்கல் போட்டுப் பார்த்திருந்தாலே தப்பித்திருப்பேன். தொண்ணூறு அரை மணி நேரம் என்பது 45 மணி நேரம். கேம்பிரிட்ஜ் தேர்வுக்குழு சொல்லும் உத்தேசக் கணக்குப்படி, அடிப்படையிலிருந்து தொடங்கி பி1 நிலையை எட்ட ஆசிரியர் வழிகாட்டும் படிப்பு 350 முதல் 400 மணி நேரம் வேண்டும். சி1 நிலைக்கு 700 முதல் 800. இரண்டுக்கும் நடுவில் குறைந்தது 300 மணி நேரம். ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும், குறையும். ஆனால் 300, 45 ஆகச் சுருங்காது.

டெமோ கிளாஸ் அருமையாக இருந்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஆசிரியை, நான் ஒருத்திதான் மாணவி, நான் தடுமாறினால் பொறுமையாகக் காத்திருந்து எடுத்துக்கொடுத்தார். அன்று இரவே பணம் கட்டிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை. என் பேட்ச்சில் இருபத்துநாலு பேர். பாதி நாள் பழைய வீடியோதான் ஓடும். நேரடி வகுப்பு நடக்கும் நாளில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், நம் முறை வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். மூன்றாவது வாரத்திலிருந்து போனில் நேரம் குறித்துக்கொள்ளத் தொடங்கினேன். ஒரு வகுப்பில் நான் பேசியது சராசரியாக ஒரு நிமிடம் சொச்சம். கோர்ஸ் முடியும்வரை கூட்டிப் பார்த்தால் 41 நிமிடம்.

அந்த 41 நிமிடத்தில்கூட யாரும் என்னைத் திருத்தவில்லை. மூன்று வருடமாக ஒருவரைத் தெரியும் என்பதை "ஐ ஆம் நோயிங் ஹிம் சின்ஸ் த்ரீ இயர்ஸ்" என்றுதான் ஒவ்வொரு முறையும் சொல்வேன். "சூப்பர், தயக்கமில்லாம பேசுனீங்க" என்பார் பயிற்சியாளர். "ஐ ஹவ் நோன் ஹிம் ஃபார் த்ரீ இயர்ஸ்" என்று சொல்ல வேண்டும் என்பது பல மாதம் கழித்து வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மற்ற நேரத்தில் வாட்ஸ்அப் குரூப்பில் எங்களுக்குள்ளேயே பேசிப் பழகச் சொன்னார்கள். ஒருவர் தவறை இன்னொருவர் எடுத்துக்கொண்டு எல்லோரும் சேர்ந்து வளர்த்தோம். பேசிப் பழகுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் திருத்த ஆளே இல்லாத பழக்கம் தவறையும் சேர்த்தே பழக்கிவிடும். மொழியியலாளர் லாரி செலிங்கர் 1972-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்குப் புதைபடிவம் என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். கற்பவரின் தவறு கல்லாக உறைந்து, பிறகு எவ்வளவு படித்தாலும் பேச்சில் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். நேர்காணலில் என் வாயிலிருந்து வந்தது அந்தக் கல்தான்.

உச்சரிப்பு வகுப்பையும் சொல்ல வேண்டும். அமெரிக்க ஸ்டைல் என்று ரகரத்தை உருட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆங்கிலச் சொல்லில் அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்று மூன்று மாதத்தில் ஒரு நாள்கூடச் சொல்லவில்லை. தமிழில் இந்த அழுத்தம் பொருளை மாற்றாது, அதனால் நம் காதுக்கு அது இயல்பாகப் பிடிபடுவதும் இல்லை. ஃபோட்டோகிராஃப் என்றால் அழுத்தம் முதல் அசையில். படம் எடுப்பவரைச் சொல்லும் ஃபொடாக்ரஃபர் என்றால் இரண்டாவது அசைக்குப் போய்விடும். ஃபோட்டோகிராஃபிக் என்றால் மூன்றாவதுக்கு. அழுத்தம் இடம் மாறினால் கேட்பவருக்குச் சொல்லே புரியாமல் போகலாம். எனக்கு அப்படி நடந்திருக்கிறது. ரகரம் உருளாததால் யாருக்கும் எதுவும் புரியாமல் போனதில்லை.

குரூப்பில் ஒரு தங்கை, வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தனி பேக்கேஜ் விற்று, பேச்சுத் தேர்வுக்கு என்று நூற்றுக்கணக்கான பதில்களை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். அந்தத் தேர்வு 11 முதல் 14 நிமிடம் நேருக்கு நேர் நடக்கும் உரையாடல். ஒப்பிக்கிறோம் என்று தெரிந்தால் தேர்வாளர் கேள்வியைத் திருப்பிவிடுவார். "அக்கா, ரெண்டாவது கேள்வியிலயே கண்டுபிடிச்சிட்டாங்க" என்று போனில் அழுதாள். அந்தக் குரலை என்னால் மறக்க முடியவில்லை.

கடைசியில் எனக்கு சி1 என்று அச்சடித்த சர்டிபிகேட் வந்தது. வேலை விண்ணப்பத்தில் இணைத்தேன். மனிதவளத் துறையிலிருந்து, இது எந்தத் தேர்வின் மதிப்பெண் என்று மரியாதையாகக் கேட்டு எழுதினார்கள். என்னிடம் பதில் இல்லை. ஏ1 முதல் சி2 வரையிலான இந்த நிலைகள் ஐரோப்பிய கவுன்சில் (Council of Europe) 2001-ல் வெளியிட்ட ஓர் அளவுகோல். யார் எந்தச் சர்டிபிகேட்டில் அதை அச்சடிக்கிறார்கள் என்று அந்த அமைப்பு சரிபார்ப்பதில்லை. அதனால் "சி1 சர்டிபிகேட் தருகிறோம்" என்று யாராவது சொன்னால், எந்தத் தேர்வு, யார் நடத்துகிறார்கள், அந்த மதிப்பெண்ணை யார் ஏற்கிறார்கள் என்று அங்கேயே கேளுங்கள்.

ரீஃபண்ட் கேட்டபோதுதான் விதிமுறைகளை முழுதாகப் படித்தேன். ஏழு நாளைக்குள் கேட்டால் முழுப் பணமும் உண்டு. அந்த ஏழு நாள் பணம் கட்டிய தேதியிலிருந்து எண்ணப்படுகிறது. என் முதல் வகுப்பு நடந்ததோ பத்தாவது நாள். கவுன்சிலர் தந்த வாக்குறுதி எல்லாமே போனில் சொன்னது, எழுத்தில் ஒரு வரி கிடையாது. இது போதாதென்று மூன்று மாதம் முடிந்த மறுநாள் அடுத்த தவணைப் பணத்தைக் கார்டிலிருந்து தானாகவே எடுத்தார்கள். ஆட்டோபே அனுமதியை ரத்து செய்யச் சொல்லி அவர்களுக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பிப் பலனில்லை. வங்கியிடம் சொல்லித்தான் நிறுத்த முடிந்தது.

அதன் பிறகு வேறு வழியில் போனேன். வாரம் இரண்டு முறை ஓர் ஆசிரியையோடு தனியாகப் பேசுகிறேன். அவர் நான் பேசும்போது குறுக்கிடுவதில்லை. தவறுகளைக் குறித்துவைத்துக் கடைசிப் பத்து நிமிடத்தில் ஒவ்வொன்றாகக் காட்டி, அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லவைக்கிறார். வகுப்புக்கு வகுப்பு பணம், மொத்தமாக முன்பணம் கிடையாது. மற்ற நாட்களுக்குச் செலவே இல்லை. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி 1959-ல் தொடங்கிய ஸ்பெஷல் இங்கிலீஷ் நிகழ்ச்சிகள் ஏறத்தாழ 1,500 சொற்களுக்குள், நிதானமான வேகத்தில் அமைந்தவை. அவற்றின் பழைய ஒலிப்பதிவுகளைப் போட்டு, கூடவே வாய்விட்டுச் சொல்லி, என் குரலைப் பதிவுசெய்து இரண்டையும் ஒப்பிட்டேன். முதல் வாரம் என் குரலையே கேட்கக் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. அதற்கு அடுத்து குட்டன்பர்க் திட்டம் என்ற மின்னூல் தளத்தில் இலவசமாக இருக்கும் கதை ஒன்றைத் திறந்துவைத்து, அதே கதையை லிப்ரிவாக்ஸ் என்ற ஒலிநூல் தளத்தில் தன்னார்வலர்கள் வாசிக்கக் கேட்டேன். அழுத்தம் எங்கே விழுகிறது என்பது அப்போதுதான் காதில் ஏறியது.

இப்படி ஒரு கோர்ஸில் சேர யோசிக்கிறவர்கள் மூன்றை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: ஒரு வகுப்பில் எத்தனை பேர், நான் எத்தனை நிமிடம் பேசுவேன், என் தவறை யார் எப்போது திருத்துவார். டெமோ எடுத்தவரே வகுப்பும் எடுப்பாரா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள், இன்னும் ஏழு நாள் ஆகவில்லை என்றால், போனில் பேசிக்கொண்டிருக்காதீர்கள். ரீஃபண்ட் வேண்டும் என்று இன்றைக்கே மின்னஞ்சலில் எழுதி, அனுப்பிய தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். அப்படியே வங்கிச் செயலியைத் திறந்து ஆட்டோபே அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.