பிரின்ஸ் எட்வர்ட் தீவா, நியூஃபவுண்ட்லாந்தா?

கனடாவின் அட்லாண்டிக் கரையோரத்தில் இரண்டு தீவுகள். ஒன்றின் வரலாறு நிலத்தைச் சுற்றியது, மற்றதன் வரலாறு மீனைச் சுற்றியது.

பிரின்ஸ் எட்வர்ட் தீவு மீக்மாக் பூர்வகுடி மக்களின் மண். 1758-இல் அங்கிருந்த அக்காடியர்களை, அதாவது பிரெஞ்சுக் குடியேறிகளின் வழிவந்தவர்களை, பிரிட்டிஷார் கப்பலேற்றி நாடு கடத்தினார்கள். 1767-இல் லண்டனில் சீட்டுக் குலுக்கி, தீவை 67 பங்குகளாகப் பிரித்துக் கொடுத்தார்கள். பங்கு பெற்றவர்களில் பலர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காட்டைத் திருத்திய குடியானவர்களோ நூறு வருஷம் குத்தகை கட்டினார்கள். 1864-இல் சங்கம் சேர்ந்து, கட்ட மாட்டோம் என்றார்கள். வசூலுக்கு ஷெரிஃப் வந்தால் தகர ஊதுகுழலை ஊதி ஊரையே எச்சரித்தார்கள். அடக்குவதற்கு ஹாலிஃபாக்ஸிலிருந்து பட்டாளம் வந்தது. தீவு கனடாவோடு இணைந்தது 1873-இல்.

நியூஃபவுண்ட்லாந்து 1949-இல்தான் இணைந்தது, அதுவும் வாக்கெடுப்பில் 52 சதவீதத்தோடு. காட் மீனைக் கீறி, உப்பிட்டு, மரப்பரண்களில் உலர்த்தி விற்ற கருவாடுதான் அதன் பிழைப்பு. 1992 ஜூலையில் காட் பிடிக்கத் தடை வந்தது. சுமார் 30,000 பேருக்கு வேலை போனது. பூர்வகுடிகளான பியோத்துக் மக்களில் கடைசியாக அறியப்பட்ட ஷனாவ்தித் 1829-இல் காசநோயால் இறந்தார். அவர் வரைந்த படங்கள் இல்லையென்றால் அம்மக்களைப் பற்றி நமக்கு மிகச் சொற்பமே தெரிந்திருக்கும்.

என் மனம் நியூஃபவுண்ட்லாந்து பக்கமே சாய்கிறது. 1986 ஆகஸ்டில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத்தமிழர்களைக் கரைசேர்த்தவர்கள் அந்தத் தீவின் மீனவர்கள்.