2015 பதிவு, 2014 வண்டி: செகண்ட் ஹேண்ட் கயென் பார்ப்பவர்கள் கவனத்துக்கு

செகண்ட் ஹேண்டில் போர்ஷே கயென் தேடிக்கொண்டிருக்கிறீர்களா? அதிலும் 2014 கடைசியிலோ 2015 தொடக்கத்திலோ பதிவான வண்டியைப் பார்த்து வைத்திருக்கிறீர்களா? டோக்கன் அட்வான்ஸ் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். புது ஷேப் என்று நம்பி 36.5 லட்சம் கொடுத்தேன். வீட்டுக்கு வந்தது பழைய ஷேப். முன்பக்கம் மோதி நொறுங்கிய வண்டிக்குப் புது ஷேப்பின் பானெட், பம்பர், விளக்குகளை மாட்டி, அதைப் புது ஷேப்பின் விலைக்கு எனக்கு விற்றுவிட்டார்கள்.

முதலில் இரண்டு ஷேப்புக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாததால்தான் ஏமாந்தேன்.

இரண்டாம் தலைமுறை கயென் 2010-இல் வந்தது. அதை மேம்படுத்தி, 2014 ஜூலையில் புது ஷேப்பை அறிவித்து, அக்டோபரில் பாரிஸ் கார் கண்காட்சியில் வைத்தார்கள். ஆக 2014 என்பது மாறுகிற வருஷம். அந்த வருஷத்து வண்டிகளில் பழையதும் இருக்கும், புதியதும் இருக்கும். பழைய ஷேப்பில் மீந்துபோன வண்டிகள் 2015-இலும் பதிவாகியிருக்கும்.

நான் தேடியது எஸ் டீசல். 4.2 லிட்டர் வி8 இன்ஜின், இரண்டு டர்போ. இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி ஆறு நொடிக்குள் நூறைத் தொடும். பழைய ஷேப்பில் 382 குதிரைத்திறன், புது ஷேப்பில் 385. டார்க் எனப்படும் இழுவிசை இரண்டிலும் 850 நியூட்டன் மீட்டர். நூறைத் தொட பழையதற்கு 5.7 நொடி, புதியதற்கு 5.4. ஆர்.சி.யில் சி.சி. இரண்டுக்கும் 4134தான். மோசடிக்கு வசதி செய்து கொடுப்பதே இந்த ஒற்றுமைதான். பெட்ரோல் எஸ் வண்டியில் இப்படி ஏமாற்றுவது கடினம். பழைய ஷேப்பில் 4.8 லிட்டர் வி8, புது ஷேப்பில் 3.6 லிட்டர் டர்போ வி6, ஆர்.சி.யைப் பார்த்தாலே குட்டு உடைந்துவிடும். டீசலில் பானெட்டைத் திறந்தாலும் அதே இன்ஜின், ஆர்.சி.யிலும் அதே எண். உள்ளே டேஷ்போர்டும் ஏறக்குறைய அதேதான். ஸ்டீயரிங் மட்டும் புது டிசைன். அதைக் கழற்றி மாட்டுவது ஒரு மெக்கானிக்குப் பெரிய வேலை இல்லை.

2021 அக்டோபரில் பெங்களூரில் ஒரு டீலரிடம் இந்த வண்டி இருப்பதாகத் தெரிந்தது. கர்நாடகா பதிவு, 58,000 கிலோமீட்டர் ஓட்டம், அடர் சாம்பல் நிறம். வாட்ஸ்அப்பில் படங்கள் வந்தன. கூடவே எழுதியிருந்தார்கள்: "2015 மாடல், அப்டேட்டட் வெர்ஷன், எல்லாமே கம்பெனி ஃபிட்டட்." இந்த ஒரு வரிதான் பின்னால் என்னைக் காப்பாற்றியது, அதைப் பிறகு சொல்கிறேன். ஆர்.சி. கார்டின் படமும் அனுப்பினார்கள், ஒரு பக்கம் மட்டும். பதிவு தேதி 2015 ஜனவரி என்று இருந்தது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. உற்பத்தியான மாதம் கார்டின் மறுபக்கத்தில் இருக்கும் என்பது அப்போது என் மனதில் ஓடவே இல்லை.

அப்போது சந்தையில் பழைய ஷேப் எஸ் டீசல் 28 லட்சத்துக்குச் சுலபமாகக் கிடைத்தது. நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்ததால் விலை அத்துப்படி. எட்டு லட்சத்துக்கு மேல் கூடக் கொடுத்துப் புதியது வாங்கத் துணிந்ததற்குக் காரணம், இன்னும் ஐந்தாறு வருஷம் வைத்து ஓட்ட நினைத்ததுதான்.

மச்சானும் நானும் ஒரு சனிக்கிழமை கோவையிலிருந்து கிளம்பிப் போனோம். அங்கே சேரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது, தூறல் வேறு. வண்டியை ஷெட்டுக்குள் வெள்ளை விளக்குகளுக்குக் கீழே, முகம் வெளியே தெரியும்படி நிறுத்தியிருந்தார்கள். பார்த்தவுடன் பிடித்துப்போயிற்று. இன்ஜின் பகுதி கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. டெஸ்ட் டிரைவில் மேம்பாலம் ஒன்றில் ஏற்றிப் பார்த்தேன். அந்த வி8-இன் இழுவையில் மற்றதெல்லாம் மறந்துவிட்டது.

அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் ஒரு தடவை காட்டிவிட்டு வாங்குகிறேன் என்று கேட்கத்தான் கேட்டேன். "ஸ்லாட் கிடைக்கவே பத்து நாள் ஆகும் சார். கொச்சியிலிருந்து ஒரு பார்ட்டி கிளம்பிட்டாங்க, நாளைக்குக் காலையில வர்றாங்க" என்றார். நாங்கள் அங்கே இருந்த ஒரு மணி நேரத்தில் அவருடைய போன் நான்கு தடவை அடித்தது. ஒவ்வொரு தடவையும் "இல்லை சார், இப்போ இன்னொருத்தர் பார்த்துட்டு இருக்காங்க" என்றே பதில் சொன்னார். அன்றைக்கே இரண்டு லட்சம் அட்வான்ஸ் கொடுத்தேன். மச்சான் மட்டும் திரும்பும் வழியெல்லாம், "மாமா, ஒரு நாள் பொறுத்திருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

பத்து நாள் கழித்து மீதிப் பணத்தைக் கட்டி வண்டியை எடுத்தோம். ஓசூர், கிருஷ்ணகிரி தாண்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. தொப்பூர் கணவாயில் இறங்கும்போது இருட்டிவிட்டது. வளைவுகளில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் விளக்கும் கூடவே திரும்ப வேண்டும். இதில் வலதுபக்க விளக்கு அசையவே இல்லை. இடதுபக்கம் வெளிச்சம் ரோட்டை விட்டு மரங்கள்மேல் விழுந்தது. சரி, ஊர் போனதும் அலைன்மென்ட் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

கோவையில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். ஜெர்மன் வண்டிகள் மட்டும் பார்ப்பவர். விளக்குக்காகத்தான் அவரிடம் போனேன். அவர் விளக்கைத் தொடவே இல்லை. முன்னால் குனிந்து, கிரில்லின் இடைவெளி வழியாக டார்ச் அடித்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணா, இங்க வந்து பாருங்க. புது ஷேப்னா இந்த கிரில்லுக்குப் பின்னால ஷட்டர் மாதிரி பட்டைங்க இருக்கணுங்க. காத்து தேவைன்னா திறக்கும், தேவை இல்லைன்னா மூடிக்கும். இதுல ஒண்ணையும் காணோங்க."

நானும் குனிந்து பார்த்தேன். பம்பரின் உள்பக்கத்தில் அந்தப் பட்டைகளை மாட்டுவதற்கான கொக்கிகள் வெறுமனே நின்றன. அதற்குப் பின்னால் நேராக ரேடியேட்டர் தெரிந்தது. ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்தின் ஒரு மூலையில் வெல்டிங் தழும்பு, அதன்மேல் கறுப்பு ஸ்ப்ரே. பானெட் கீல்களின் போல்ட்டுகளில் ஸ்பேனர் கடித்த அடையாளம். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக டார்ச்சில் காட்டினார். பின்பக்கம் போய், புகைபோக்கிக் குழாய்கள் தனியாகத் தொங்குவதையும் காட்டினார். புது ஷேப்பில் அவை பம்பரின் கீழ்ப்பகுதியோடு சேர்ந்தே வரும். இதில் பின்விளக்குகளை மட்டும் புதிதாக மாற்றிவிட்டு, பம்பரைப் பழையபடியே விட்டிருந்தார்கள்.

"மூஞ்சி மட்டுந்தாண்ணா புதுசு. ஒடம்பு பழசுங்க" என்றார்.

அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வீட்டில் சொல்லவும் முடியவில்லை.

சந்தேகம் உறுதியானது மறுநாள். தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்ற சேஸிஸ் நம்பரை அச்செடுக்க வேண்டும். மெக்கானிக்கே கார்பெட்டை விலக்கி, எண்ணின்மேல் பென்சில் கரியைத் தேய்த்து, செல்லோ டேப்பை ஒட்டி உரித்து வெள்ளைத்தாளில் ஒட்டினார். பதினேழு எழுத்துகள். அதில் பத்தாவது எழுத்தில் விரலை வைத்தார். E.

போர்ஷே சேஸிஸ் நம்பரில் பத்தாவது எழுத்துதான் மாடல் வருஷம். D என்றால் 2013, E என்றால் 2014, F என்றால் 2015. புது ஷேப் கயென் F-இல் தொடங்குகிறது. E என்று இருந்தால் அது பழைய ஷேப்தான், 2015-இல் பதிவாகியிருந்தாலும் சரி, 2016-இல் பதிவாகியிருந்தாலும் சரி. கையில் வந்துசேர்ந்த ஆர்.சி. கார்டைத் திருப்பிப் பார்த்தேன். உற்பத்தி: 2014 மார்ச். புது ஷேப்பை உலகத்துக்குக் காட்டுவதற்கு நான்கு மாதம் முன்பே செய்துமுடித்த வண்டி.

டீலருக்குப் போன் செய்தேன். "ரிஜிஸ்ட்ரேஷன் 2015தானே சார்? நான் என்ன பொய் சொன்னேன்?" என்றார். விபத்தைப் பற்றிக் கேட்டதற்கு, வண்டி அவரிடம் வரும்போதே இப்படித்தான் இருந்தது என்றார். அதற்கப்புறம் என் நம்பரை எடுக்கவே இல்லை.

பழைய இன்சூரன்ஸ் பாலிசியை வரவழைத்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. உற்பத்தி வருஷம் 2014 என்று அதிலேயே அச்சாகியிருந்தது. நோ கிளைம் போனஸ் சுழியம். அதாவது அதற்கு முந்தைய வருஷம் யாரோ கிளைம் வாங்கியிருக்கக்கூடும். இந்த ஒரு தாளை முன்பே கேட்டிருந்தால் நான் பெங்களூருக்கே போயிருக்க மாட்டேன். பாலிசி நகல் கேட்பதற்குப் பைசா செலவில்லை. தர மறுக்கிறார்கள் என்றால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள்.

வக்கீல் ஒருவரைப் பார்த்தேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், விற்றவர் இருக்கும் ஊருக்குப் போகாமல் நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று விளக்கினார். வழக்குக்கு எது பலம் என்று பார்த்தபோது, "அப்டேட்டட் வெர்ஷன், கம்பெனி ஃபிட்டட்" என்ற அந்த வாட்ஸ்அப் வரியும், டெலிவரி நோட்டில் அவர்களே அச்சடித்துக் கொடுத்த "2015 மாடல்" என்ற வார்த்தையும்தான் முன்னால் நின்றன. வாய்ப்பேச்சில் டீலர் சொன்ன நூறு விஷயங்களுக்கு ஒரு சாட்சியும் இல்லை. அதனால் சொல்கிறேன், விற்பவர் எதைச் சொன்னாலும் "இதை ஒரு மெசேஜில் போட்டுவிடுங்கள்" என்று கேளுங்கள். நேர்மையான ஆள் தயங்காமல் போடுவார்.

டீலருக்கு வக்கீல் நோட்டீஸ் போய் ஐந்து வாரத்தில் அவர்கள் பக்கத்து ஆள் ஒருவர் பேச வந்தார். வண்டியைத் திருப்பி எடுக்க மாட்டோம், 5.5 லட்சம் தருகிறோம் என்றார். என் கணக்குப்படி விலை வித்தியாசம் மட்டுமே எட்டரை லட்சம். விளக்கு வயரிங், ரேடியேட்டர் சட்டம் என்று எனக்கு மேற்கொண்டு ஆன செலவு ஒன்றே முக்கால் லட்சம். வருஷக்கணக்கில் வழக்கு நடத்தத் தொழில் இடம் கொடுக்கவில்லை. வாங்கிக்கொண்டேன். அந்த முடிவில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு.

ஒன்று சொல்ல வேண்டும். பழைய ஷேப் எஸ் டீசல் மோசமான வண்டி இல்லை. மூன்று குதிரைத்திறனையும் 0.3 நொடியையும் ரோட்டில் யாராலும் உணர முடியாது. மோதாத, முழு சர்வீஸ் புத்தகத்தோடு உள்ள 2013 வண்டி நியாயமான விலைக்குக் கிடைத்தால், வரலாறு தெரியாத புது ஷேப்பைவிட அதைத்தான் எடுக்கச் சொல்வேன். புது ஷேப்பில் உண்மையிலேயே கிடைப்பது அந்தக் காற்று ஷட்டர், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினை கியரிலிருந்து பிரித்து மிதக்கவிடும் வசதி, திருத்தியமைத்த பின்சீட்டு போன்றவை. அவற்றுக்கு எட்டு லட்சம் தகுமா என்பது உங்கள் விருப்பம். ஆனால் அவை வண்டியில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

எந்த ஷேப் எடுத்தாலும் இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். இந்தத் தலைமுறை கயெனில் நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் சீக்கிரம் தேய்வது உலகமெங்கும் தெரிந்த குறை. மெதுவாக ஓடும்போது லேசாக ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி குலுங்கிக் குலுங்கிப் போகும். வேகமாக ஓட்டினால் தெரியாது, அதனால் டெஸ்ட் டிரைவில் முப்பது, நாற்பதில் நிதானமாக ஓட்டிப் பாருங்கள். அடுத்தது, பெடல் அச்சில் உள்ள ஒரு பூட்டு வளையத்துக்காக 2011 முதல் 2016 வரையிலான கயென்களை 2016-இல் நிறுவனமே திரும்ப அழைத்தது. உலகம் முழுவதும் நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள். அந்தச் சோதனை முடிந்திருக்கிறதா என்று சேஸிஸ் நம்பரைச் சொல்லி சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். கேட்கும்போதே சர்வீஸ் வரலாறு பற்றியும் விசாரித்துவிடலாம்.

2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டி டீலர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அதையும் காட்டச் சொல்லுங்கள்.

போன வாரம் நண்பர் ஒருவர் ஒரு விளம்பரத்தை அனுப்பியிருந்தார். அதே டீலர். "கயென், 2015, அப்டேட்டட் வெர்ஷன்." பன்னிரண்டு படங்கள், பின்பக்கத்தைக் காட்டும் படம் ஒன்றுகூட இல்லை. முன் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் தெரியும் சேஸிஸ் நம்பரை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லி அவர் கேட்டார். மெசேஜைப் பார்த்துவிட்டார்கள், நீல டிக் விழுந்திருக்கிறது. இதை எழுதுகிற நேரம்வரை பதில் இல்லை.