18,000 ரூபாய்க்கு ஒரு ஃபேன் வாங்கினேன்

தண்டையார்பேட்டையில் மொட்டை மாடிக்கு நேர் கீழே வாடகை வீடு. மே மாதம் ராத்திரி 11 மணிக்குக்கூட சுவரில் கை வைத்தால் தோசைக்கல்தான். மாடித் தளத்துக்கு வெள்ளையாவது அடித்துக் கொடுங்கள் என்று ஹவுஸ் ஓனரிடம் இரண்டு வருஷமாகக் கேட்டாயிற்று. "நாளைக்கே நீங்க காலி பண்ணிட்டுப் போயிடுவீங்க, நான் எதுக்குப்பா செலவு பண்ணணும்?" என்கிறார். அம்மாவுக்கு வேறு பிரஷர். வாடகை வீட்டுக்குப் புது ஏசி எதற்கு என்று செகண்ட் ஹாண்டில் தேடினேன் பாருங்கள், அங்கே பிடித்தது சனி.

பழைய பொருள் விற்கும் ஆப் ஒன்றில் விளம்பரம். தேடிப் போனால் சின்னதாக ஒரு கடை. ஒன்றரை டன் ஸ்பிளிட், 'காப்பர் காயில், ஆறு மாச கியாரண்டி', 16,500 ரூபாய். மாட்டித் தர 1,500. கடைக்காரர் ஏசியை ஓடவிட்டு, என் கையைப் பிடித்துக் காற்று வரும் இடத்தில் வைத்தார். ஐஸ். அப்புறம் அவுட்டோர் மூடியைக் கழற்றிக் காயிலைக் காட்டினார். கறுப்பு பெயின்ட் புதுசாக மினுமினுத்தது. "நம்ம ஏரியா கடல் காத்துண்ணா, உப்பு அரிச்சிடும். அதான் நானே கோட்டிங் குடுத்து வச்சிருக்கேன்." இவ்வளவு அக்கறையா என்று அங்கேயே உருகிவிட்டேன். டீ வேறு வாங்கிக் கொடுத்தார். 18,000 ரூபாயையும் மொத்தமாக ஜிபேயில் போட்டேன். பில் கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்னால் '6 மாதம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதையும் பத்திரமாகப் பர்ஸில் வைத்துக்கொண்ட அறிவாளி நான்.

(சுவரில் ஓட்டை போட்டதற்கு அட்வான்ஸில் 2,000 பிடித்துக்கொள்வேன் என்று ஓனர் சொன்னது தனிக் கதை.)

பன்னிரண்டாம் நாள் வெறும் காற்று. முதல் போனுக்கு, "ஃபில்டரைக் கழுவுங்கண்ணா." கழுவினேன். அடுத்து, "வோல்டேஜ் கம்மியா இருக்கும்." அதற்கடுத்து, "பையனை அனுப்புறேன்." பையன் நாலு நாள் கழித்து வந்தான். மாடிக்கு ஏறிக்கூடப் பார்க்காமல், கேஸ் தீர்ந்துடுச்சு, 3,200 ஆகும் என்றான். கியாரண்டி என்ன ஆச்சு என்றால், "அது கம்ப்ரஸருக்குத்தாண்ணா, கேஸுக்கு இல்ல." அதன் பிறகு கடைக்காரர் கல்யாணத்துக்குத் திண்டிவனம் போய்விட்டார். ஒரு வாரமாகவா கல்யாணம் நடக்கும்? அம்மா போனிலிருந்து அடித்தால் முதல் ரிங்கிலேயே எடுக்கிறார். என் குரல் கேட்டதும் கட்.

நேற்று எங்கள் தெருக்கோடி மெக்கானிக்கை மாடிக்குக் கூட்டிப்போனேன். மக்கில் சோப்புத் தண்ணீர் கலக்கிக் காயிலில் ஊற்றினார். இரண்டு இடத்தில் பொக்குப் பொக்கென்று நுரை வந்தது. ஸ்குரூ டிரைவரால் அந்த அழகான கறுப்பு பெயின்ட்டைச் சுரண்டினார். கீழே எம்சீல் அப்பியிருக்கிறது. இன்னும் சுரண்டினால் பைப் வெள்ளையாகத் தெரிகிறது. காப்பரே இல்லை, அலுமினியம்! "ஏசி கேஸ் என்ன அடுப்புல எரியிற கேஸா தம்பி, தீர்ந்துபோக? மூடுன பைப்புக்குள்ளயே சுத்துறது. குறைஞ்சா எங்கியோ லீக்குன்னு அர்த்தம். நீங்க பாக்க வர்றதுக்கு முன்னாடி ரொப்பி வச்சிருப்பான்." லேபிளைப் பார்த்தார். தயாரித்த வருஷம் இருக்கும் இடம் மட்டும் சுரண்டியிருக்கிறது. இதெல்லாம் அன்றைக்கு என் கண்ணில் ஏன் படவில்லை? டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

18,000 ரூபாய். என் ஒன்றரை மாச வாடகை. பழைய இரும்புக் கடையில் 2,800 தருகிறேன் என்கிறார்கள்.

வாடகை வீட்டுக்குப் பழைய ஏசி பார்ப்பவர்கள், காயிலில் புது பெயின்ட் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். லேபிளில் வருஷத்தைப் படியுங்கள். 'கேஸ் தீர்ந்துடுச்சு' என்று எவன் சொன்னாலும் முதலில் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள், லீக்கை அடைக்காமல் ரொப்பினால் அந்தக் காசும் காற்றோடு போகும். பில் இல்லாமல் பணம் போடாதீர்கள். நாளைக்கு 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்கு அடிக்கப் போகிறேன். கையில் இருப்பது அந்த விசிட்டிங் கார்டும் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும்தான்.