கச்சான் காற்றையும் மாரி மழையையும் தாங்கும் சீலிங் எது?

மட்டக்களப்பில் சீலிங் அடிக்கப் போகிறவர் முதலில் விலையைக் கேட்பார், அடுத்து சூடு குறையுமா என்று கேட்பார். அதிலிருந்து மூச்சுக்குள் என்ன போகும் என்று கேட்பவர் குறைவு.

பிளைவூட் மரம்தானே என்று நம்பிவிட வேண்டாம். சிக்கல் தாள்களை ஒட்டும் பசையில் இருக்கிறது. மலிவானவற்றில் பெரும்பாலும் யூரியா ஃபோமல்டிஹைட் பசைதான். சூடும் ஈரமும் கூடக்கூட ஃபோமல்டிஹைட் வாயு அதிகமாகக் கசியும். கச்சான் வீசும் ஆடிப் பகலில் ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவே கையை விட்டுப் பாருங்கள், எவ்வளவு சூடு என்று தெரியும். அந்த வாயு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004இல் முடிவு செய்தது. பிளைவூட்தான் வேண்டும் என்றால் இந்த வாயு குறைவாகக் கசியும் ஈ0, ஈ1 தரம் கேட்டு வாங்குங்கள்.

பிவிசியைக் கறையான் தின்னாது, ஈரமும் ஊறாது. ஆனால் மேலே வயர் தீப்பிடித்தால் ஹைட்ரஜன் குளோரைட் புகை அறைக்குள் இறங்கும். வெட்டி மிஞ்சிய துண்டுகளை வளவுக்குள் போட்டு எரிப்பது அதைவிட மோசம், டயொக்சின் என்ற கொடிய நச்சு வரும்.

ஜிப்சம் போர்ட்டிலிருந்து வரும் வாயு மிகக் குறைவு. கொங்கிறீற் தட்டின் கீழ் தாராளமாக அடிக்கலாம். ஓட்டுவீட்டுக்கு நான் சொல்லமாட்டேன். மாரியில் ஒரு ஓடு நகர்ந்தாலே போதும், கீழே பழுப்பு வட்டம் தெரியும் முன்பே போர்ட்டின் மேற்புறம் ஒட்டியிருக்கும் காகிதத்தில் பூஞ்சணம் பிடித்திருக்கும். வீட்டில் இழுப்பு உள்ள பிள்ளை இருந்தால் சொல்லவே வேண்டாம்.

என் வாக்கு அஸ்பெஸ்டஸ் கலக்காத நார் சீமெந்து போர்ட்டுக்கு. பசை வாயு இல்லை, நனைந்தாலும் காய்ந்துவிடும். வெட்டும்போது மட்டும் சிலிக்கா தூசு பறக்கும். வெளியே வைத்து, நனைத்து, முகக்கவசம் போட்டு வெட்டச் சொல்லுங்கள். பூச்சுக்கு எனாமல் வேண்டாம், வாசம் குறைந்த நீர்ப் பெயின்ற் போதும். பலகை சீலிங் இன்னும் நல்லது, கையில் காசும் நல்ல ஓடாவியும் இருந்தால்.

கூரை பழைய அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் வேலை வேறு. நீல அஸ்பெஸ்டஸ் இலங்கையில் 1987இலேயே தடையானது. கூரைச் சீற்றில் இருப்பது வெள்ளை, அதுவும் புற்றுநோய் தருவதுதான். சீற்றில் துளை போடாமல், சட்டத்தைச் சுவரிலும் வளையிலும் பிடிக்க வேண்டும். பழைய தூசைக் கூட்டக் கூடாது, ஈரத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும். எந்தச் சீலிங் ஆனாலும் ஓரத்தில் காற்றோட்டத் துளை விட்டு, வெளவால் புகாதபடி வலை அடியுங்கள்.