ஒல்லி கேபினெட்டுக்கு எந்த வீடியோ கார்டு? நான்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்

கிருஷ்ணகிரியில் நெடுஞ்சாலையை ஒட்டிய வீடு எங்களுடையது. ஜன்னலை மூடினால் புழுக்கம், திறந்தால் தூசி. மாம்பழ சீசனில் கூழ் ஃபேக்டரிகளுக்குப் போகும் லாரிகள் வேறு. டிவிக்குக் கீழே இருக்கும் கம்ப்யூட்டரில் பழைய வீடியோ கார்டின் விசிறி இந்தக் கோடையில் நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால் இறக்கைகளுக்கு நடுவே தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது.

கம்ப்யூட்டர், ஆபீஸில் ஓடி ஓய்ந்து செகண்ட் ஹேண்டில் வந்த ஒல்லி கேபினெட். உள்ளே 6வது தலைமுறை இன்டெல் ஐ5. "தனி கார்டு எதற்கு, போர்டிலேயே எச்டிஎம்ஐ இருக்கிறதே" என்று சிலர் கேட்டார்கள். அந்தத் தலைமுறையின் எச்டிஎம்ஐ 1.4 வகை, 4கே படத்தை நொடிக்கு 30 முறைதான் அனுப்பும். இப்போதைய 4கே படங்கள் பெரும்பாலும் 10 பிட் எச்இவிசி என்ற முறையில் சுருக்கப்பட்டு வருகின்றன. அந்தச் சுருக்கத்தை முழுதாக வன்பொருளிலேயே பிரித்துப் படமாக்குவது 7வது தலைமுறையில்தான் தொடங்கியது. அதனால் கார்டு வேண்டும், அதுவும் உயரம் குறைந்த லோ ப்ரொஃபைல் கார்டு. பவர் சப்ளையிலிருந்து தனி ஒயர் கேட்கவும் கூடாது. மதர்போர்டு ஸ்லாட் தரக்கூடிய 75 வாட்டுக்குள் எல்லாம் முடிய வேண்டும்.

இந்த வடிகட்டலில் தேறியவை நான்கு: ஜிடி 1030, ஆர்எக்ஸ் 6400, ஆர்க் ஏ310, ஆர்டிஎக்ஸ் 3050 6ஜிபி.

முதலில் ஜிடி 1030. 2017 மே மாதம் வந்தது, 30 வாட். விசிறியே இல்லாமல் வெறும் அலுமினியத் தகடோடு வரும் மாடல்கள் இதில் உண்டு. தூசியில் வாழும் எனக்கு இதைவிடப் பெரிய ஆசை காட்ட முடியாது. நிற்பதற்கு விசிறி இல்லை, இரவில் சத்தமும் இல்லை. 10 பிட் எச்இவிசி, யூடியூபின் விபி9 இரண்டையும் சிரமமில்லாமல் ஓட்டும். எச்டிஎம்ஐ 2.0 இருப்பதால் 4கே 60 வரும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. 2018இல் இதே பெயரில் டிடிஆர்4 நினைவகத்தோடு இன்னொரு கார்டு வந்தது. முதலில் வந்த ஜிடிடிஆர்5 கார்டின் நினைவக வேகம் நொடிக்கு 48 ஜிபி. டிடிஆர்4 கார்டில் அது 16.8 ஜிபிதான். டப்பாவில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயர் இரண்டுக்கும் ஒன்றே. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் எனக்கு முதலில் எடுத்துக் காட்டியதே டிடிஆர்4தான். "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றார்கள். ஒன்றில்லை. பக்கவாட்டில் சின்ன எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டும்.

ஜிடிடிஆர்5 கார்டே கிடைத்தாலும் இரண்டு குறைகள். ஏவி1 என்ற புதிய வீடியோ சுருக்க முறையைப் பிரிக்கத் தெரியாது. யூடியூபும் ஓடிடிகளும் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் நகரும்போது இது பெரிய குறை. அப்புறம், இந்தக் கார்டு சேர்ந்த பாஸ்கல் தலைமுறைக்குப் புது டிரைவர்கள் வருவது 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும். புதிதாகக் காசு போட்டு வாங்கும் பொருளுக்கு இந்த ஆயுள் போதாது என்பது என் கருத்து. பழைய கார்டாக மலிவாகக் கிடைத்தால், அதுவும் விசிறி இல்லாததாக இருந்தால், தாராளமாக எடுக்கலாம்.

ஆர்எக்ஸ் 6400 என்னை ஏமாற்றிய கார்டு. 2022 ஜனவரியில் வந்தது, 53 வாட், எச்டிஎம்ஐ 2.1, ஒரே ஸ்லாட்டில் அடங்கும் மாடல்கள். காகிதத்தில் எல்லாம் பொருந்துகிறது. ஆனால் 2022இல் வந்தும் ஏவி1 பிரிக்காது. வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றும் என்கோடரும் அடியோடு இல்லை. லேப்டாப்பை மனதில் வைத்துச் செய்த சிப் இது. அங்கே அந்த வேலைகளைப் பக்கத்திலிருக்கும் பிராசஸர் பார்த்துக்கொள்ளும் என்று வெட்டிவிட்டார்கள். நம் பழைய ஐ5க்கு அது தெரியாதே! சின்னதாக கேம் ஆடுபவருக்குச் சரி. படம் பார்க்கவே கார்டு வாங்குபவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஆர்டிஎக்ஸ் 3050 6ஜிபியைப் பிடிவாதமாகச் சொன்னவன் ஓசூரில் இருக்கும் அக்கா மகன். "மாமா, அதையே வாங்குங்க, கேமும் ஆடலாம்" என்றான். 2024 பிப்ரவரியில் வந்த கார்டு. 70 வாட், தனி ஒயர் வேண்டாம், ஏவி1 பிரிக்கும், எச்டிஎம்ஐ 2.1. பெயரைக் கேட்டதும் 2022இல் வந்த 8ஜிபி கார்டு என்று நினைத்துவிடக் கூடாது. அது 130 வாட், வலுவும் கூட. ஒல்லி கேபினெட்டின் பவர் சப்ளைக்கு ஆகாது.

இந்தக் கார்டில் என்னை நிஜமாகவே அசைத்த விஷயம், குறைந்த தரத்தில் இருக்கும் வீடியோவை 4கே திரைக்கு ஏற்றபடி கூர்மையாக்கிக் காட்டும் வசதி. ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கு 2023இல் வந்தது. அப்பா பார்ப்பதெல்லாம் யூடியூபில் 480 வரியில் கிடக்கும் கருப்பு வெள்ளைப் படங்கள். அக்கா மகன் அவன் வீட்டு டிவியில் ஒரு பழைய படத்தை அப்படி ஓட்டிக் காட்டினான்; எழுத்துகளின் ஓரம் தெளிவாகவே தெரிந்தது. ஆனால் அது ஓடும்போது கார்டு சும்மா இருக்காது. சூடு ஏறும், விசிறி சுற்றும். அவனுடையது காற்றோட்டமான பெரிய கேபினெட், தாங்கும். என்னுடையது டிவி ஸ்டாண்டுக்குள் அடைந்து கிடப்பது. நான்கில் விலையும் இதற்குத்தான் அதிகம்.

கடைசியில் ஆர்க் ஏ310. இன்டெல் கார்டு, 4ஜிபி, ஒரே ஸ்லாட்டில் லோ ப்ரொஃபைலாகக் கிடைக்கிறது. ஏவி1 பிரிப்பது மட்டுமில்லை, ஏவி1 ஆக மாற்றவும் செய்யும். இந்த நான்கில் அது இதற்கு மட்டும்தான் முடியும். வீட்டுக்குள் படங்களை மற்ற கருவிகளுக்கு அனுப்பும் ஜெல்லிஃபின் மென்பொருளைப் போட்டு, ஹாலில் இருக்கும் படத்தை மாடியில் ஃபோனில் பார்ப்பவர்களுக்கு இது பெரிய வரம். எச்டிஎம்ஐ பொதுவாக 2.0தான். 4கே 120 வேண்டுமென்றால் போதாது. ஆனால் சினிமா நொடிக்கு 24 படம்தான், அதற்கு இது தாராளம்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். இன்டெல் இந்தக் கார்டுகளுக்குச் சொல்லும் பிராசஸர் 10வது தலைமுறையும் அதற்கு மேலும்தான். பிராசஸர் கார்டின் நினைவகம் முழுவதையும் ஒரேயடியாக எட்ட உதவும் ரீசைசபிள் பார் வசதி பழைய போர்டில் இல்லாததால் கேம்கள் நொண்டும். சும்மா இருக்கும்போதும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கரண்ட் இழுக்கும். என் கம்ப்யூட்டரில் பயாஸை (கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும் அமைப்பை) யுஇஎஃப்ஐ என்ற புதிய முறைக்கு மாற்றிய பிறகுதான் திரையில் படமே வந்தது. கடையில் இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. அதனால் ஜிஎஸ்டி பில்லோடு, ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருவோம் என்று சொன்ன கடையில்தான் வாங்கினேன்.

ஆமாம், ஏ310தான் வாங்கினேன். விசிறி இல்லாத ஜிடி 1030ஐ விட்டுவர மனம் கேட்கவில்லை, இரண்டு நாள் யோசித்தேன். ஏவி1 பக்கம் தராசு சாய்ந்தது. படம் ஓட்ட நான் வைத்திருக்கும் கோடி (Kodi) என்ற மென்பொருளில் படத்தின் வேகத்துக்கு ஏற்ப டிவியின் வேகத்தை மாற்றும் அமைப்பைப் போட்ட பிறகு, கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் இருந்த நடுக்கமும் போய்விட்டது. படம் முடிந்ததும் கம்ப்யூட்டரை முழுதாக அணைத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மூடியைக் கழற்றி, விசிறி இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ப்ளோயர் அடிக்கிறேன். பிடிக்காமல் அடித்தால் விசிறி தறிகெட்டுச் சுற்றி பேரிங் போய்விடும்.